காங்கேசன்துறையில் யானை இல்லை

இந்த நாட்டுப் பள்ளிக்கூடங்கள் பிள்ளையிடம் கேள்வியைக் கொடுத்து, விடையை அம்மாவிடம் கேட்டு வா என்று அனுப்புகின்றன. நான் படித்த காலத்தில் விடை புத்தகத்தில் இருந்தது. அம்மாவிடம் சாப்பாடு இருந்தது. காங்கேசன்துறையிலிருந்து டூங்கபி என்ற இந்தப் புறநகருக்கு நாங்கள் வந்த இரண்டாம் வருடம், ஏழு வயது மகள் வாசுகி ஒரு பெரிய காகித மட்டையோடு வந்தாள். ‘எங்கள் ஊரின் வரலாறு’ எழுதி, வெள்ளிக்கிழமை வகுப்பின் முன்னால் நின்று சொல்ல வேண்டுமாம். அந்த வருடம் முழுவதும் அவள் வகுப்பில் வாய் திறந்ததில்லை. இப்படியே இருந்தால் ஒரு வகுப்புக் கீழே விட யோசிப்பதாக ஆசிரியை முன்பே சொல்லியிருந்தார். ஆகவே அந்த வெள்ளிக்கிழமை எனக்குத்தான் சோதனை நாள்.

பயத்தில் நான் செய்ததை இப்போது எழுதவும் வெட்கமாக இருக்கிறது. மான்செஸ்டரின் வரலாற்றை எழுதிக் கொடுத்தேன். ரோமானியர் ஆற்றங்கரையில் கட்டிய கோட்டை, பிறகு வந்த சந்தை, பஞ்சாலைகள், புகைபோக்கிகள், கப்பல் வரும் கால்வாய். பள்ளியில் மனனம் செய்தது ஒரு வரி பிசகாமல் வந்தது. வரலாறு உள்ள ஊர் என்றால் அதுதான் என்று எனக்குள் பதிந்திருந்தது. நாங்கள் அதைப் படிக்கையில் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் சங்கு ஊதும். ஓயும்வரை ரீச்சர் பாடத்தை நிறுத்துவார். பிறகு மான்செஸ்டர் தொடரும்.

மட்டை திரும்பி வந்தது. ஆசிரியை மான்செஸ்டர்காரி என்பது அப்போதுதான் தெரிந்தது. தன் ஊரைத் தன்னிடமே கொடுத்துவிட்டேன் என்று சிரித்தார். கோபமே இல்லை. உங்கள் ஊரைப் பற்றிச் சின்னதாக ஏதாவது போதும், தென்னை, ஒரு யானை, பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ரயில்வே அலுவலகத்தில் வரைபடம் கீறுகிற என் கணவருக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

“யானையைக் கீறி விடுமன். ஆருக்குத் தெரியப்போகுது?”

“எங்கட ஊரில எங்கயப்பா யானையைக் கண்டனீங்கள்?”

“தெகிவளை மிருகக்காட்சிச்சாலையில கண்டனான்.”

இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில்தான் எனக்குள் ஏதோ நிமிர்ந்தது. வேறு மட்டை வாங்கவில்லை. அதே மட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் வெளிச்சவீடு, துறைமுகம், ரயில் பாதையின் கடைசி நிலையம், சீமெந்துத் தொழிற்சாலை என்று எழுதினேன். ஒன்றில் மட்டும் கை தயங்கியது. அருகே கந்தரோடையில் மண்ணுக்கடியில் ரோமானிய நாணயங்கள் கிடைத்ததை வரலாற்று ரீச்சர் ஒருமுறை சொன்னார். இது சோதனைக்கு வராது என்றும் சொன்னதால் நான் குறிப்பெடுக்கவில்லை. பொன்னா, செம்பா? ஊருக்குக் கடிதம் போட்டுப் பதில் வர நாளில்லை. ரோமானிய நாணயங்கள் என்று மட்டும் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை அம்மாமார் வகுப்பின் பின்னால் நின்றோம். வாசுகியின் குரல் முதலில் எழவேயில்லை. தொழிற்சாலை வந்ததும், வீட்டில் நான் செய்து காட்டியபடி கையைக் குவித்துச் சங்கை ஊதினாள். வகுப்பு சிரித்தது. இன்னும் பலமாக ஊதினாள். மிச்சத்தை மட்டையைப் பார்க்காமலே சொன்னாள்.

நாணயங்கள் வந்தபோது ஆசிரியை மெதுவாக, ரோமானியர் அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டார்கள், கண்ணே என்றார். வாசுகி என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்: “உங்கள் ஊருக்கு அவர்கள் படையோடு வந்தார்கள். எங்கள் பக்கத்துக்கு அவர்களுடைய நாணயம் வந்தது. வாங்குவதற்கு எங்களிடம் ஏதோ இருந்திருக்கிறது.” என் ஆங்கிலம் விளங்கவில்லையோ என்று திரும்பவும் சொன்னேன். விளங்கியிருந்தது. அவர் முகம் சிவந்தது. அப்படியானால் இதைச் சுவரில் மாட்டுவோம் என்றார். கீழ் வகுப்புப் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

எந்தப் பக்கம் வெளியே என்று வாசுகி கேட்கவில்லை, தானே குத்தினாள். மான்செஸ்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் கிட்டப் போய் எங்கள் பக்கத்தை முதல் வரியிலிருந்து வாசித்தேன். என் கையெழுத்துத்தான். ஆனாலும் வாசிக்கத்தான் வேண்டியிருந்தது. சுவரோடு ஒட்டிக் கிடந்த மான்செஸ்டரோ, பார்க்காமலே வரிவரியாக மனதில் வந்தது.