உனக்கும் கேட்டுச்சா அக்கா?

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். யாரும் இல்லாத இடத்தில் அவனுக்குக் குரல்கள் கேட்கும். மற்ற மருந்துகள் பயன்படாமல் போகவே, பெங்களூர் டாக்டர் புது மாத்திரை ஒன்றைக் கொடுத்தார். அது ரத்தத்தில் வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடக்கூடும். அதனால் வாராவாரம் ராபர்ட்சன்பேட்டை லேபில் ரத்தம் கொடுத்து, எண்ணிக்கையை எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவருக்குச் சொல்ல வேண்டும். வீட்டில் பி.எஸ்சி. படித்தவள் நான் என்பதால் அது என் பொறுப்பாயிற்று.

எண்ணிக்கை ஏறினால் தம்பி தேறுகிறான், இறங்கினால் நோய் முற்றுகிறது என்று நானாகவே முடிவு செய்துகொண்டிருந்தேன். ஒரு வாரம் இறங்கியது.

"நோய் அதிகமாயிடுச்சா டாக்டர்?"

"ரத்தம் அதைச் சொல்லாதும்மா. மருந்து அவருக்கு ஒத்துக்குதான்னுதான் சொல்லும். நாளைக்கே திரும்ப எடுங்க. இன்னும் இறங்கினா நிறுத்தித்தான் ஆகணும். நோய் எப்படி இருக்குன்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

எதைப் பார்ப்பது? இந்த மாத்திரை வந்த பிறகுதான் அவன் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான். அதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

மறுநாள் காலை அவன் கட்டிலை விட்டு எழவில்லை.

"நேத்துதான குடுத்தேன்? என் ரத்தத்த விக்கிறாங்க. செவுத்துக்கு அந்தாண்ட பேசிக்கிறாங்க. நீ போ."

"உன் ஒடம்புல கீற ரத்தத்துக்கு எவன்டா துட்டு தருவான்? எழுந்திரு."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவனை வற்புறுத்துவது சரிதானா என்ற சந்தேகம் வேறு. என் கைக்குழந்தையை இடுப்பில் வைத்தபடி அங்கேயே நின்றேன்.

அப்போது பெரிய சத்தத்தோடு தரை அதிர்ந்தது. எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்துக்குள் பாறை வெடித்தால் மேலே வீடுகள் குலுங்கும். எங்களுக்கு அது பழகிப்போனது. தம்பிக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் அது நிஜமா என்று தெரிந்தாக வேண்டும்.

"உனக்கும் கேட்டுச்சா அக்கா?"

இந்தக் கேள்விக்கு நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை. அவன்தான் நம்பமாட்டான். பக்கத்து வீடு, எதிர் வீடு என்று போய்க் கேட்டுவிட்டு வருவான்.

"கேட்டுச்சுடா. அலமாரில டம்ளர் ஆடுது பாரு."

"அவங்க ரத்தத்த விக்கிறதா பேசினது?"

"அது எனக்குக் கேக்கல."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ இன்னாத்துக்கு எடுக்கிறாங்க?"

"மாத்திர உன்ன ஒண்ணும் பண்ணலியேன்னு பாக்கத்தான்."

எழுந்து உட்கார்ந்து, "என் சட்ட எங்க?" என்றான்.

அன்று அவன் யார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை. என்னோடு நேராக பஸ்ஸுக்கு வந்தான்.

மாலையில் பூத்திலிருந்து எண்ணிக்கையைச் சொன்னேன். கொஞ்சம் ஏறியிருந்தது. மாத்திரையைத் தொடரலாம் என்றார் டாக்டர்.

"ஆள் எப்படி இருக்கார்?"

"காலையில தரை குலுங்கினப்போ..." என்று ஆரம்பித்தேன். அடுத்துப் பேச நின்றவர் கண்ணாடிக் கதவைத் தட்டினார். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தம்பி கேட்டதையும் நான் சொன்னதை அவன் நம்பியதையும் ஒன்று விடாமல் சொல்லி முடித்த பிறகுதான் ரிசீவரை வைத்தேன்.