எஸ் இல்லாத கிட்னி

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் படித்தவள் நான் ஒருத்திதான். ஆரணியில் இங்கிலீஷ் மீடியம், அப்போது ஐந்தாம் வகுப்பு. மாத்திரை அட்டை முதல் செல்போனில் வரும் மெசேஜ் வரை எதுவானாலும் என்னிடம்தான் நீட்டுவார்கள். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

அப்பாவின் அக்கா எங்களோடுதான் இருந்தார். அப்பா நெய்வார், அத்தை ராட்டையில் நூலைத் தார்க்குச்சியில் சுற்றித் தருவார். கால் வீங்கிப்போய் அத்தையை வேலூருக்குக் கூட்டிப் போனார் அப்பா. டாக்டர் அத்தையிடம் பேசியபோது அப்பா மருந்து வாங்க வரிசையில் நின்றிருந்தாராம். வீட்டுக்கு வந்ததும் ரிப்போர்ட்டை என்னிடம் கொடுத்தார்.

"ரெண்டும் போயிருந்தா என்னுதுல ஒண்ணு குடுத்துடறேன்னு பஸ்ல பூரா சொல்லிகினு வரேன். அக்கா வாயத் தொறக்கல. நீ படிச்சி சொல்லு."

'கிட்னி ஃபெயிலியர்' என்று இருந்தது. ஒன்றுக்கு மேல் என்றால் எஸ் போட வேண்டும், போடவில்லை. "ஒண்ணுதாம்பா போயிருக்கு" என்றேன்.

அத்தை என்னையே பார்த்தார். பிறகு, "டாக்டரும் அப்டித்தான் சொன்னாரு. இன்னொண்ணு நல்லாக் கீதாம்" என்றார். அப்பா தரையில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சில வாரம் கழித்து வகுப்பில் மிஸ் புதுப்பாடம் நடத்தினார். ஒரு பெயர்ச்சொல் இன்னொன்றுக்கு அடைமொழியாக வந்தால், பல இருந்தாலும் பெரும்பாலும் எஸ் வராதாம். "சாரி ஷாப்னா உள்ள ஒரு சாரிதான் இருக்குமா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. எனக்கு ரிப்போர்ட்டில் இருந்த 'கிட்னி ஃபெயிலியர்' ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு ஓடி அத்தையிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவர் முகம் உப்பியிருந்தது, ராட்டையை நிறுத்தவில்லை.

"தெரியும் கண்ணு. டாக்டரு தமிழ்லதான சொன்னாரு. உங்கப்பன் தறியில ஒக்கார்ற ஆளு. அவங்கிட்ட சொல்லாத."

தறிக்கும் கிட்னிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. என் தப்பு வெளியே தெரியாது என்பது மட்டும் விளங்கியது. உடனே சத்தியம் செய்தேன்.

பொங்கலுக்கு முன்பே அத்தை போய்விட்டார். நன்றாக இருந்த கிட்னியும் திடீரென்று கெட்டுவிட்டது என்று அப்பா இன்றும் வருகிறவர்களிடம் சொல்கிறார். நான் வாய் திறப்பதில்லை.

சத்தியம் செய்த அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். அத்தை என் மானத்தைக் காப்பாற்றிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.