மண்டகப்படி பிரித்த வெப்சைட்

பூட்டிய இரும்புக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு என் ஓரகத்தி தன் செல்போனை என்னிடம் நீட்டியது அப்படியே கண்ணில் நிற்கிறது. எங்கள் பாரிவாக்கம் அம்மன் கோயிலின் வெப்சைட் அதில் திறந்திருந்தது. முகப்பில் வேட்டி சட்டையில் கைகூப்பிச் சிரிக்கும் ஒருவர், பக்கத்தில் அவர் மனைவி, பேரப்பிள்ளைகள். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "இதுல அம்மா எங்கடி இருக்கா?" என்றாள். கேலியாகத்தான் கேட்டாள். இன்னொரு கையில் புடவைப் பை இருந்தது.

என் கணவரின் அண்ணன் மனைவி அவள். ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தாள். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மறுநாள் அவளுக்கு இருதய ஆபரேஷன். அன்று மாலை ஆறு மணிக்குள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அதற்குள் அம்மனுக்கு மஞ்சள் புடவை சாத்தி, முகத்தை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. நடை திறப்பு மாலை நான்கு மணி என்று வெப்சைட்டில் இருந்ததை நம்பி, யாரிடமும் கேட்காமல் ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். பூசாரி வானகரத்தில் இன்னொரு கோயிலையும் ஏற்றுக்கொண்டதிலிருந்து இங்கே நடை ஆறு மணிக்குத்தான். அவள் கூப்பிட்டு நான் ஓடிப்போய், பூசாரிக்குப் போன் மேல் போன் போட்டும் அவர் எடுக்கவில்லை. சாவி அவரிடம். கடைசியில் அக்கா கம்பிக்குள் கைவிட்டுப் பையை உள்ளே வைத்தாள். "அவளே எடுத்துக் கட்டிக்கட்டும்" என்று சொல்லி ஆட்டோவில் ஏறினாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. அது அம்மன் கணக்கு, அதில் நான் குறுக்கே பேச மாட்டேன். மனுஷர்கள் கணக்கைத்தான் பேசுகிறேன்.

திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்து மண்டகப்படி. அவரவர் நாளில் அலங்காரமும் மேளமும் பிரசாதமும் அவரவர் பொறுப்பு. அடுத்தவர் நாளில் யாரும் கைவைக்க மாட்டார்கள். சாமி காரியத்துக்கு அது அழகு. கமிட்டித் தலைவர் வெப்சைட்டையும் அதே மாதிரி மாதத்துக்கு ஒரு குடும்பம் என்று பிரித்துவிட்டார். பாஸ்வேர்டு எழுதிய சீட்டு வெற்றிலை பாக்கோடு தாம்பாளத்தில் கைமாறும். வாங்கியவர்கள் முதல் வேலையாகப் போன மாதத்து முகங்களை எடுத்துவிட்டுத் தங்கள் முகங்களை ஏற்றுவார்கள். நடை நேரத்தை ஒருவரும் தொடவில்லை.

எங்கள் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்த கமிட்டிக்காரர்களிடம், நேரத்தை ஏன் மாற்றவில்லை என்று கேட்டேவிட்டேன். "இன்னாம்மா பண்றது, என் மாசம் முடியிற அன்னிக்குத்தான் டைமு மாறிச்சு. அட்த்தவன்தான மாத்தணும்?" என்றார் ஒருவர். அடுத்த மாதத்துக்காரர் விடவில்லை. "உன் மாசத்துல மாறுனத நான் மாத்துனா, எப்டிடா கை வெச்சேன்னு நீ குதிப்ப. தெரியாதா அண்ணாத்தே உன்ன?" தலைவர் இருவரையும் அடக்கினார்: "சாவு ஊட்ல இன்னாப்பா இது, காபியக் குடிங்க." குடித்தார்கள். அந்த டம்ளர்களை நான்தான் கழுவினேன். சாமி பேரில் செய்கிறோம் என்ற கூச்சம் வேண்டாமா?

காரியமெல்லாம் முடிந்த பிறகு, தலைவரே என் கணவருக்குப் போன் செய்து வெப்சைட்டைப் பார்க்கச் சொன்னார். என் போனில் திறந்தேன். முகப்பில் இப்போது அக்கா. மாலை போட்ட படம், கண்ணீர் அஞ்சலி, சுற்றிலும் வட்டம் வட்டமாகக் கமிட்டிக்காரர்களின் முகங்கள், ஒவ்வொன்றின் கீழும் பெயரும் பதவியும். என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பரவால்ல, மறக்காம செஞ்சிருக்காங்க" என்றார். நான் அவளைப்போலவே விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனேன். அக்கா வைத்துவிட்டுப் போன அன்று மாலையே பூசாரி அந்த மஞ்சள் புடவையைச் சாத்தியிருந்தார்; அதைக் கட்டிக்கொண்ட அம்மன் எங்கேயும் இல்லை. எல்லா முகங்களுக்கும் அடியில், அதே இடத்தில், நடை திறப்பு மாலை நான்கு மணி.