வெளுத்த ஜனவரி

சிவகாசியில் காலண்டர் அடிக்கும் அச்சகம் ஒன்றில் முகங்களை வெளுக்க வைப்பதுதான் என் உத்தியோகம். கம்ப்யூட்டரில் செய்வதால் டிசைனர் என்று பெயர். நானோ கரிசல் மண் நிறம். என் கல்யாணப் பத்திரிகைப் படத்திலும் கைவரிசையைக் காட்டியிருந்தேன். மணமேடையில் பெண்வீட்டுப் பெரியம்மா என்னிடமே குனிந்து, "மாப்பிள்ளை இன்னும் வரலையா? நீக அவுகளுக்கு அண்ணனா?" என்று கேட்டாள்.

போன ஆடியில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. ஒரு மூத்த பாடகியின் வாழ்க்கை, பன்னிரண்டு படங்களில். ஜனவரியில் வானொலி மைக் முன்னால் நிற்கும் இளம்பெண். நடுவில், ஆட்சியாளரைக் கேலி செய்து பாடியதற்குச் சிறை, பிறகு அயல்நாட்டு மேடைகள். டிசம்பரில் பல்லில்லாத வாயைத் திறந்து பாடும் கிழவி. அவருடைய மகன் எழுதியிருந்தார்: அம்மாவுக்கு நினைவு தப்பிக்கொண்டிருக்கிறது, பாட்டெல்லாம் போய்விட்டது, இந்தப் படங்களைக் காட்டினால் தன்னையாவது கண்டுகொள்வார்.

முதலாளி பார்த்தார். "என்னய்யா இம்புட்டு இருட்டா இருக்கு? மொகத்தைத் தூக்குய்யா. செவுத்துல மாட்டுறது மங்களகரமா இருக்க வேணாமா?"

"அவுக நெறமே அதுதான மொதலாளி."

"உன் நெறம் என்ன? பத்திரிகையில அதையா போட்ட?"

பன்னிரண்டு முகங்களையும் வெளுப்பாகத் தூக்கினேன். மாதிரித் தாளை விமானத்தில் அனுப்பிவிட்டு, சீசன் அவசரத்தில் சம்மதம் வருமுன்பே ஜனவரியை அடித்தும் முடித்தோம்.

மகனிடமிருந்து பதில் வந்தது. அம்மா வெகுநேரம் பார்த்தாராம். "யாரோ விருந்தாளி வந்திருக்கிறாள். சாப்பிடச் சொல்லுங்கள்" என்றாராம்.

அன்று என் சாப்பாட்டுத் தூக்கு திறக்கப்படாமலே வீடு திரும்பியது. இருந்த நிறத்திலேயே ஜனவரியை மறுபடி அடித்து, மற்ற மாதங்களையும் அடித்தோம். தூத்துக்குடியில் கப்பல் ஏறி, சரக்கு நடுக்கடலில் இருந்தபோது அந்தப் பாடகி இறந்துபோனார். விருந்தாளி சாப்பிட்டாளா என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாராம்.

வெளுத்த ஜனவரித் தாள்கள் எடைக்குப் போயின. எடைக்குப் போகிற தாள் எங்கள் ஊரில் வெடிக்குக் குழாயாகச் சுருண்டு திரும்பி வரும். தீபாவளிக்கு மறுநாள் வாசல் கூட்டிய என் மனைவி, கருகிய துண்டு ஒன்றை நீட்டினாள். பாதி வாய், பக்கத்தில் மைக்.

"உங்க கம்பெனித் தாள் மாதிரி இருக்கே. யாருங்க இந்தப் பிள்ளை, வெள்ளைக்காரியா?"

வாங்கிப் பார்த்தேன். எனக்கும் அடையாளம் தெரியவில்லை.