கோடு அக்கா விட்டுவைத்த இடம்

பென்சிலைச் சீவி முடித்ததும் அக்கா அதன் முனையைப் புறங்கையில் ஒருமுறை தொட்டுப் பார்க்கிறார். குத்தினால், ஒரு பழைய தாளில் தேய்த்து மழுக்குகிறார். "கூரா இருந்தா தாள்ல பள்ளம் விழும். அப்புறம் அழிச்சாலும் தடம் நிக்கும். வீட்டு விஷயம் பாருங்க, அழிச்சா அழிஞ்ச மாதிரியே இருக்கணும்" என்று எதிரில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு முதல் கேள்வியைக் கேட்கிறார். "உங்க வீட்டுல யார் முதல்ல எழுந்திரிப்பாங்க?"

காய்ச்சல் என்று வந்தவர் திருதிருவென்று விழிப்பார். பிறகு தன்னை அறியாமல் பேச ஆரம்பித்துவிடுவார். யார் முதலில் எழுவார்கள், யார் கடைசியில் சாப்பிடுவார்கள், யாருடைய இருமல் யாரைத் தூங்கவிடவில்லை. கேட்கும்போது அக்கா கண்களை மூடிக்கொள்வார். கை மட்டும் தாளில் ஊர்ந்துகொண்டிருக்கும்.

மருத்துவர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் குடும்ப மருத்துவ அறக்கட்டளை இது. வைத்தியம் இலவசம், மாத்திரையும் இலவசம். இங்கே ஆளுக்கொரு சீட்டு கிடையாது. வீட்டுக்கு ஒரு கோப்பு. கோப்பின் முதல் தாளில் அந்த வீட்டாரின் படம் இருக்கும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், உறவுக்குக் கோடு, இறந்தவருக்கு உள்ளே ஒரு பெருக்கல் குறி. யாருக்குச் சர்க்கரை, யாருக்கு இழுப்பு என்பது ஓரத்தில் சிறிய எழுத்தில். நோயாளியின் கையைத் தொடுவதற்கு முன்னால் மருத்துவர் இந்தப் படத்தைத்தான் பார்ப்பார். பதினாறு வருடங்களாகப் படம் போடுபவர் இவர். அதனால் கோடு அக்கா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

"ஆம்பளைக்கு மட்டும் ஏன் பெட்டி, நமக்கு ஏன் வட்டம்?" என்று ஒரு பெண்மணி கேட்டார்.

"அவங்களை வச்சா வச்ச இடத்துல இருப்பாங்க. நாமதானே நாள் முழுக்க உருண்டுக்கிட்டு இருக்கோம்" என்றார் அக்கா. ஊசி போட்டுக்கொண்டு அழுதபடி வந்த பெண்மணி சிரித்துக்கொண்டே படியிறங்கினார்.

மாடியில் மூன்று அறைகள். முன்பு புகைப்பட நிலையமாக இருந்த இடம். காத்திருப்போர் பெஞ்சுக்குப் பின்னால் அந்தக் காலத்து ஓவியத் திரை இன்னும் தொங்குகிறது. ஒரு ஏரி, ஒரு படகு, பகலிலும் மறையாத நிலா. பதினொரு மணிக்கு வெயில் ஜன்னலின் பாலாடை நிறக் கண்ணாடி வழியாக இறங்கும்போது, இருமிக்கொண்டிருப்பவர்கள் எல்லோரும் ஏரிக்கரையில் உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும். அந்த நேரத்தில் அக்காவின் குரலும் தணிந்துவிடும். பக்கத்து மேசையில் மருந்துக் குறிப்புகளைத் தமிழாக்கிக்கொண்டு நான் இருப்பதைக்கூடப் பல நாள் மறந்துவிடுவார்.

முகங்கள் அவருக்கு நினைவில் நிற்பதில்லை. தெருவில் யாராவது கும்பிட்டால் வெறித்துப் பார்ப்பார். "அக்கா, நான்தான்... மாமியாருக்கு முட்டிவலி, கொழுந்தனாருக்குக் காது கேக்காது" என்றதும் முகம் மலரும். "அட, ரெட்டைக் குழந்தை வீடு! கீழ வரிசையில கடைசி வட்டம் நீதானே? நல்லா இருக்கியா?"

கனவிலும் படங்கள்தான் வருமாம். "தண்ணி மேல பெட்டியும் வட்டமுமா மிதந்து போகும். ஒண்ணு மட்டும் கோடு அறுந்து தனியா ஒதுங்கும். காலையில வந்து அது எந்த வீடுன்னு கோப்பைப் புரட்டுவேன்" என்று, கடைக்குப் போய்வந்த கதை மாதிரி சொல்வார்.

கண்ணாடி வெட்டுபவர் மனைவியோடு வந்தது அப்படியொரு பதினொரு மணிக்கு. ஐம்பதைத் தாண்டியவர். கொஞ்ச நாளாக வெட்டு கோணிப்போகிறது, நிலைக்கதவில் இடது தோள் இடிக்கிறது என்று வந்திருந்தார்.

"கூடப் பிறந்தவங்க?" என்றார் அக்கா, கண்ணை மூடியபடி.

"ஒரே அண்ணன். ரெண்டு வருஷம் முன்னாடி போயிட்டாரு. கடைசியில அவருக்கும் கண்ணு சரியாத் தெரியலை. வயசாயிடுச்சுன்னு விட்டுட்டோம்."

"அம்மா மடியில வளர்ந்த கடைக்குட்டி நீங்கதானா அப்போ?"

"எங்கே மடி? நடுவுல பிறந்தவனை யாரு மடியில வச்சா?" என்றவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். மனைவி திரையில் இருந்த படகைப் பார்க்க ஆரம்பித்தார். அக்கா கண்ணைத் திறக்கவில்லை. ஒரு சதுரம், அதற்குள் பெருக்கல் குறி. பக்கத்தில் இன்னொரு சதுரம். அதற்கு அப்பால் ஒரு விரல் அகலத்துக்கு வெறும் இடம் விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டுச் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஓரத்திலிருந்து பார்வையை அரித்துக்கொண்டு வரும் நோய். இடது கண் போய்விட்டது. வலது கண்ணைச் சொட்டு மருந்தால் காப்பாற்றிவிடலாம். "இது கூடப் பிறந்தவங்களுக்கும் வரக்கூடியது. வலிக்காது. அவங்களுக்கே தெரியும்போது பாதி போயிருக்கும். இப்பவே பார்த்தா அதோட நிறுத்திடலாம். வேற யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்லை" என்றார் கண்ணாடிக்காரர். டாக்டரம்மாவின் பார்வை தாளில் இருந்த வெற்றிடத்தில் கொஞ்ச நேரம் நின்றது.

கணவர் மருந்து வாங்கப் போனதும் மனைவி அக்காவிடம் குனிந்தார். "இவருக்கு ஒரு தங்கச்சி இருக்கா. பத்தொன்பது வருஷமாப் பேச்சு இல்லை. பேரை எடுத்தாலே இவருக்குச் சோறு இறங்காது. எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது, இவருக்குத் தெரியும். வருஷத்துல ஒரு நாள் சட்டையை மாத்திக்கிட்டு எங்கேயோ போவாரு. அரை மணி நேரத்துல திரும்பி வந்து, வெயில்னு சொல்லிட்டுப் படுத்துக்குவாரு."

அன்று அக்கா அந்தக் கோப்பை அலமாரியில் வைக்கவில்லை. மேசை மேலேயே கிடந்தது. மறுநாள் காலை என்னிடம், "ராத்திரி பூரா ஒரே வட்டம்" என்றார். "அதுபாட்டுக்குத் தண்ணியில போகுது. எதுல இடிக்கப் போகுதோ, அதுக்கே தெரியலை."

ஒவ்வொரு வாரமும் கண்ணின் அழுத்தம் பார்க்கக் கண்ணாடிக்காரர் வந்தார். வரும்போதெல்லாம் அக்கா தாளை விரித்துவைத்து, சாப்பாட்டைப் பற்றியும் தூக்கத்தைப் பற்றியும் கேட்டார். தங்கையைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, அதுக்குள்ள அவங்களுக்குக் கண்ணு போயிட்டா?" என்றேன்.

"போயிடும்தான்" என்றார் அக்கா. அன்று மதியச் சாப்பாட்டை அவர் பிரிக்கவே இல்லை.

மூன்றாவது வாரம் தாளைக் கண்ணாடிக்காரர் பக்கமாகத் திருப்பி, பென்சிலை அவர் கையில் கொடுத்தார். "இதுக்கு மேல எனக்குப் போடத் தெரியலைங்க. உங்களுக்குத்தான் தெரியும்."

கண்ணாடிக்காரர் பென்சில் முனையைப் புறங்கையில் தொட்டுப் பார்த்தார். வெளியே யாரோ தும்மினார்கள்.

"அவ மேல தப்பு இல்லைக்கா" என்றார் கடைசியில். "எங்களைக் கேக்காமக் கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு எனக்குக் கோபம். அம்மா இறந்தப்போ நான் சொல்லி அனுப்பலை. அண்ணன் சொல்லலாம்னாரு, நான்தான் விடலை. நாலாம் நாள் யாரோ சொல்லித் தெரிஞ்சு வாசல்ல வந்து நின்னா. அழக்கூட இல்லை. அம்மா எங்கேன்னு மட்டும் கேட்டா. நான் கதவைச் சாத்திட்டேன். இப்போ எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவளைக் கூப்பிடறது?"

"மூஞ்சியை யாருங்க கேட்டா? போன் நம்பரைச் சொல்லுங்க."

எங்கும் பார்க்காமல், மனப்பாடமாகச் சொன்னார். தங்கையின் தையல் கடைப் பலகையில் எழுதியிருக்கும் எண். சொல்லிவிட்டு, அந்த விரல் அகல இடத்தில் ஒரு வட்டம் போட்டார். கண்ணாடி வெட்டும் கை. பாத்திரத்தைக் கவிழ்த்து வரைந்தது போல அத்தனை சுத்தமான வட்டம்.

அக்கா அங்கேயே எண்ணை அழுத்தினார். மறுமுனையில் தையல் இயந்திரத்தின் சத்தம். யார், எங்கிருந்து, எதற்கு என்று அக்கா நிதானமாகச் சொல்லி முடித்தார்.

"நீங்களாக் கூப்பிடறீங்களா, அவர் சொன்னாரா?"

"நம்பரை அவர்தாம்மா கொடுத்தாரு."

இயந்திரம் நின்றது. "அவருக்கு எந்தக் கண்ணு?"

"இடது கண்ணும்மா. அது இனிமே வராது."

"நாளைக்கு வர்றேன். எனக்கும் நாலஞ்சு மாசமா ஊசி கோக்கறப்போ நூல் எங்கேயோ போயிடுது. தூக்கக் கலக்கம்னு நினைச்சேன்" என்றது அந்தக் குரல். கண்ணாடிக்காரர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

மறுநாள் தங்கை சீக்கிரமே வந்துவிட்டார். மெலிந்த உடம்பு, கழுத்தில் இன்னும் கழற்றாத அளவு நாடா. அவர் பரிசோதனை அறைக்குள் போன பிறகுதான் அண்ணன் படியேறி வந்தார். அன்று அவருக்கு முறை இல்லை. எதற்கு வந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. சலவைச் சட்டையோடு ஏரிக்கரைப் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா எட்டிப் பார்த்து, "நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க அக்கா. ரெண்டு கண்ணுலயும் ஆரம்பிச்சிருக்கு, ஆனா பார்வை பெரும்பாலும் அப்படியே இருக்கு. சொட்டு மருந்தை விடாமப் போட்டா நின்னுடும்" என்றார். கண்ணாடிக்காரர் இரண்டு கைகளாலும் முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டார். தலை மட்டும் ஆடியது.

தங்கை உள்வழியாகப் போய் மருந்து வாங்கிக்கொண்டு, பெஞ்சுக்கு இடப்புறம் இருந்த மருந்து அறையின் கதவு வழியாக வெளியே வந்தார். அண்ணனைப் பார்த்தார். நின்றார். கால் ஓசை எழாமல் நடந்து போய் அதே பெஞ்சில் அவருக்கு இடப்பக்கம் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தார். சொட்டு மருந்துப் புட்டி உள்ளங்கைக்குள் மறைந்திருந்தது. பாலாடை வெயிலில் இருவருக்கும் பின்னால் நிலா மங்கலாகத் தெரிந்தது.

அண்ணன் இன்னும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் வெளிய வரலையாக்கா அவ?" என்றார்.

பக்கத்தில் இருந்தும் தெரியாதவர் போலக் கேட்கிறாரே என்று தங்கையின் முகம் இறுகிப்போனது. எழுந்துவிடப் போகிறவர் போலக் கையை ஊன்றினார். அதற்குள் கோடு அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்து, தங்கையின் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பி, பெஞ்சைச் சுற்றி அழைத்துக்கொண்டு போய், அண்ணனுக்கு வலப்பக்கத்தில் உட்காரவைத்தார்.