மீனுக்கு மட்டும் ஐஸ்

அம்மாவோட இன்சுலின் காலையிலயே தீர்ந்துபோச்சு. பதினோரு மணிக்கு மருந்துக்கடைக்குப் போய் புதுசு வாங்கி கார் டேஷ்போர்டுக்குள்ள வச்சேன்.

வர்ற வழியில கல்மண்டபம் மீன் மார்க்கெட். சங்கரா மீனப் பார்த்ததும் வண்டிய ஓரங்கட்டிட்டு இறங்கிட்டேன். வெட்டி முடிக்க முக்கா மணி நேரம்.

மீன்கார அக்கா கேட்டாங்க: "வண்டி எங்க நிக்குது?"

"வெயில்லதான்க்கா. இங்க நெழலு ஏது?"

"அப்ப இன்னும் ரெண்டு கை ஐஸ் போட்டுக்கோ. வூடு போறதுக்குள்ள கொழகொழன்னு ஆயிடும்."

தெர்மாகோல் பெட்டி வாங்கி, ஐஸ் மேல ஐஸ் கொட்டி, டேப் ஒட்டி எடுத்துகினு வந்தேன். மீன் விஷயத்துல நம்ம ஏரியா ஆளுங்கள யாரும் குத்தம் சொல்ல முடியாது.

கார் கதவத் தொறந்தா அனல் மூஞ்சில அடிக்குது. ஸ்டியரிங்ல கை வைக்க முடியல. துணி எடுக்கலாம்னு டேஷ்போர்டத் தொறந்தேன்.

இன்சுலின் டப்பா அப்பதான் எறக்குன இட்லி மாரி சுட்டுச்சு.

மருந்துக்கடைக்காரருக்கு போன் போட்டேன். "அத போட்டுடாதீங்க சார், வேற வாங்கிக்கோங்க"ன்னாரு.

இப்ப திரும்ப கடைக்குப் போய்கினு இருக்கேன். முன்னாடி கன்டெய்னர் லாரி வரிசை, அசையவே இல்ல. ஊசி போட்டாதான் அம்மா சாப்புடுவாங்க. அவங்ககிட்டேர்ந்து இதோட மூணாவது போன்.

"மருந்து பத்திரமா கீதாடா?"

"மீன் பத்திரமா கீதும்மா."

உங்க டேஷ்போர்டுல இப்ப இன்னா வெந்துகினு கீதுன்னு போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க. நான் இங்கதான் நின்னுகினு இருப்பேன்.