முடிச்சுப் போடாத நூல்

1844இல், ஜேர்மனியின் ஹம் நகருக்கு அருகே ஒரு கிராமத்திலிருந்து அன்னா கெர்ட்ரூட் என்ற ஏழை விதவை அமெரிக்காவுக்குக் கப்பலேறினாள். மிசூரியில் காடு வெட்டி, மரவீடு கட்டி, இரண்டு பிள்ளைகளை ஆளாக்கினாள். 1996இல் அந்த ஊர்க்காரர் அவளுக்கு நினைவுப் பலகை வைக்கப் புறப்பட்டார்கள்: 'எங்கள் ஊரின் வீரமகள்.' அந்தப் பலகையை இப்போது நினைத்தாலும் எனக்குக் குமட்டுகிறது.

நான் அப்போது அந்த ஊர்த் தேவாலய அலுவலகத்தில் ஆவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்துகொண்டிருந்தேன். அன்னாவின் கொள்ளுப்பேத்தி, எண்பத்தொரு வயது மார்கரெட், மிசூரியிலிருந்து எழுதியிருந்தார்: "எங்கள் குடும்ப வேதாகமத்தில் அன்னாவுக்கு மூன்று பிள்ளைகள். மூன்றாவது பெயர் கிளாரா. திகதி எதுவும் இல்லை. சாகுமுன் அவள் யாரென்று அறிய வேண்டும்."

ஞானஸ்நானப் பதிவேட்டில் கிளாரா இருந்தாள், 1840. கப்பல் பட்டியலில் இல்லை. இடையில் இறந்திருப்பாள் என்று எழுதி முடிக்கப் பார்த்தேன்.

அலுவலகத்தைத் துப்புரவாக்க வரும் டொறத்தி அக்கா, மன்னார்க்காரர், தும்புத்தடியை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"செத்த பதிவு கண்டனியே?"

"இல்லையக்கா."

"அப்ப ஏன் பிள்ளையைச் சாக்காட்டுறாய்? விட்டிட்டுப் போயிருக்கிறா. வடிவாத் தேடு."

அக்காவின் மகன் யூட்சன் மன்னாரில் சித்தியோடு இருந்தான். அவனைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பம் மூன்றாம் முறையும் மறுக்கப்பட்டிருந்தது.

தேடினேன். ஊர்ச்சபைக் குறிப்பேடு அகப்பட்டது. ஏழைகளுக்குச் சோறு போடுவதைவிடக் கப்பலேற்றிவிடுவது மலிவு என்று தீர்மானித்திருக்கிறார்கள். கிளாராவுக்கு ஒரு கால் வளைவு. அவளைத் துறைமுகத்தில் மறித்தால் முழுக் குடும்பமும் திரும்பி வந்துவிடும். ஆகவே அவள் நிற்கட்டும், அடுத்த ஆண்டு அனுப்பலாம். கீழே அன்னாவின் கையொப்பம்: ஒரு சிலுவைக்குறி.

அடுத்த ஆண்டு எவரும் அனுப்பவில்லை. கிளாரா ஏழைவிடுதியில் நூல் நூற்று, பத்தொன்பது வயதில் இறந்தாள்.

அதே காகிதக் கட்டுக்குள் அன்னா ஊர்ச்சபைக்கு அனுப்பிய ஐந்து கடிதங்கள். எழுதத் தெரியாதவள், ஒவ்வொன்றும் வேறொருவரின் கையெழுத்து. ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலில் 'பதில் தேவையில்லை.' பிரித்து, வாசித்து, அதன்பிறகுதான் அப்படி எழுதியிருக்கிறார்கள். சீ!

கடைசிக் கடிதத்திலிருந்து ஒரு நூல் விழுந்தது. கட்டியிருந்த நூலின் மிச்சம் என்று குப்பைவாளியில் போட்டேன். அக்கா கையைவிட்டு எடுத்தார்.

"கடிதத்தில என்ன கிடக்கு?"

"'இந்த நூலில முடிச்சுப் போட்டுத் திருப்பி அனுப்புங்கோ' எண்டு. விளங்கேல்லை அக்கா."

அக்கா தன் கைப்பையைத் திறந்து கொப்பித் தாளொன்றை விரித்தார். பென்சிலால் சுற்றிக் கீறிய ஒரு சின்னப் பாதம்.

"யூட்சன்ர கால். சப்பாத்து வாங்கி அனுப்ப அளவு கேட்டனான், தங்கச்சி கீறி அனுப்பினவள். இந்த மனிசி காலளவுக்கு முடிச்சுப் போடச் சொல்லி நூல் அனுப்பியிருக்கிறா, அவ்வளவுதான்." நூலை மேசையில் நீட்டி வைத்தார். "பலகை அடிக்கத் தெரியுது. ஒரு முடிச்சுப் போட மட்டும் இவங்களுக்கு ஏலாமப் போச்சு, என்ன?"

நான் வாய்விட்டு அழுதேன்.

விழாக்குழுத் தலைவர் பிரிங்க்மான் குறிப்பேட்டை மேலோட்டமாகப் பார்த்தார். "விழா நேரத்தில் இதெல்லாம் எதற்கு? மூன்றாம் பிள்ளை பற்றித் தகவல் இல்லை என்று மார்கரெட்டுக்குத் தட்டச்சில் தட்டிவிடுங்கள்" என்று சிரித்தபடி, ஒரு கேக் துண்டை என் பக்கம் தள்ளினார். அந்தத் தட்டைத் தொடவே கூசியது.

அவர் போனதும் தட்டினேன். கிளாரா பிறந்த திகதி, இறந்த திகதி, விடுதி, சிலுவைக்குறி, எல்லாவற்றையும். ஐந்து கடிதங்களையும் பிரதி எடுத்து உறைக்குள் வைத்தேன்.

"உன்னை வேலையால நிப்பாட்டிப்போடுவாங்களடி" என்றார் அக்கா.

"நிப்பாட்டட்டும்."

"அப்ப நூலைப் பற்றியும் எழுது. தாய் அளவு கேட்டவ எண்டு அந்த மிசூரி அம்மாவுக்குத் தெரிய வேணும்."

உறையைத் திரும்பப் பிரித்து எழுதினேன். நூலில் முடிச்சு இல்லை என்பதையும்.